ஆர்.ஓ. மெஷினை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி: வடசென்னைத் தண்ணீருக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டர், வருஷத்துக்கு ஒரு தடவை மெம்பரேன்" என்று சர்வீஸ் ஆட்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். எந்தத் தண்ணீருக்கு அந்தக் கணக்கு என்று கேட்டால் பதில் வராது. தண்டையார்பேட்டையில் ஒரே காம்பவுண்டுக்குள் ஒரு வீட்டு மெஷினுக்கு மெட்ரோ தண்ணி போகும், பக்கத்து வீட்டு மெஷினுக்குப் போர் தண்ணி போகும். முதல் வீட்டில் மெம்பரேன், அதாவது உப்பைப் பிரித்தெடுக்கும் மெல்லிய சவ்வுச் சுருள், மூன்று வருஷம் ஓடும். அடுத்த வீட்டில் எட்டு மாதத்தில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு வீட்டுக்கும் ஒரே காலண்டர் எப்படிப் பொருந்தும்?

அதனால் இந்த வழிகாட்டி தேதியை வைத்துப் போகாது. தண்ணீரை அளந்து பார்த்து, அளவு சொல்வதை வைத்து எதை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டரும் ஒரு பழைய நோட்டும் இருந்தால் போதும்.

முதலில், உங்கள் வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர்?

வடசென்னையில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில் கிடையாது. புழல் பக்கமிருந்து சுத்திகரித்து வரும் மெட்ரோ தண்ணி உண்டு. மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீர் வரும். மீஞ்சூர் ஆலை என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். 2010-இல் தொடங்கியது, திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அங்கே நடப்பதும் ஆர்.ஓ. தான், அளவுதான் பெரிது. அப்புறம் போர் தண்ணி. கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் கடல்நீர் உள்ளே ஏறிவிடுகிறது. மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாகவே இந்தக் கதைதான். காசிமேடு, ராயபுரம் பக்கம் போர் தண்ணியை வாயில் வைத்தாலே தெரியும். கோடையில் இதோடு லாரித் தண்ணியும் சேர்ந்துகொள்ளும்.

பல வீடுகளில் இவை எல்லாம் ஒரே சம்ப்பில் கலந்து மொட்டைமாடி டேங்குக்கு ஏறுகின்றன. ஆகவே மெஷினுக்குள் போகும் தண்ணீரின் டி.டி.எஸ். மாதத்துக்கு மாதம் மாறும். கோடையில் ஒரு அளவு, ஐப்பசி மழைக்குப் பிறகு வேறொரு அளவு. மாதம் ஒரு முறையாவது குழாய்த் தண்ணீரை ஒரு சுத்தமான டம்ளரில் பிடித்து, மீட்டரை முக்கி, எண் நிலைக்கும் வரை பொறுத்து, நோட்டில் குறித்து வையுங்கள்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாதபோது 2000 வரை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணி மட்டும்தான், வருஷம் முழுக்க 500-க்குள்தான் காட்டுகிறது என்றால், உங்களுக்கு ஆர்.ஓ. மெஷினே தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது, அதில் வீணாகும் தண்ணீரைக் கணக்கில் எடுத்துத்தான். அந்த வீட்டுக்குப் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. ஃபில்டரோ, நுண்துளைகளால் கிருமியை வடிகட்டும் யு.எஃப். ஃபில்டரோ போதும், பராமரிப்பும் பாதி மிச்சம்.

இன்னொன்று. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணிக்கும் கருவி. கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது, சாக்கடை கலந்தாலும் தெரியாது. "மீட்டர்ல 60 தான் காட்டுது, நல்ல தண்ணி" என்பதில் பாதிதான் உண்மை. சந்தேகம் இருந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்தில் சாம்பிள் கொடுத்துச் சோதிக்கலாம்.

மெஷினுக்குள் தண்ணீர் போகும் வழி

மூடியைக் கழற்றினால் குழாய்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். வரிசை இதுதான். குழாயிலிருந்து வரும் தண்ணீர் முதலில் வெளியே சுவரில் மாட்டியிருக்கும் கேண்டில் கிண்ணத்துக்குள் போகிறது. மண்ணும் துருவும் அங்கே நிற்கும். பிறகு மெஷினுக்குள் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர். போர் தண்ணி வீடுகளில் சுண்ணாம்பு உப்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் உருளை ஒன்றும் இருக்கும். அடுத்து எஸ்.வி. எனப்படும் சோலினாய்டு வால்வு. மெஷின் ஓடும்போது திறக்கும், நின்றால் மூடும். அதன் பிறகு 24 வோல்ட்டில் ஓடும் பம்ப், தண்ணீரை அழுத்தி மெம்பரேனுக்குள் தள்ளுகிறது. மெம்பரேனிலிருந்து இரண்டு வழி: ஒன்று நல்ல தண்ணீர், மற்றது கழிவுத் தண்ணீர். கழிவுக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன உருளை இருக்கும். அதுதான் எஃப்.ஆர். எனப்படும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். கழிவு ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தி உள்ளே அழுத்தம் நிற்கச் செய்வது அதன் வேலை. நல்ல தண்ணீர் போஸ்ட் கார்பன், யு.வி., யு.எஃப். என்று உங்கள் மாடலுக்கு ஏற்றபடி ஏதாவது தாண்டி டேங்குக்கு வந்து சேரும்.

இதில் விலை அதிகமானது மெம்பரேன். அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் அதற்குக் காவல். நூறு இருநூறு ரூபாய்க் கேண்டிலை மாற்றச் சோம்பல்பட்டு மெம்பரேனைப் பலி கொடுக்கிற வீடுகள்தான் அதிகம்.

கையில் இருக்க வேண்டியவை: டி.டி.எஸ். மீட்டர், கேண்டில் கிண்ணம் திறக்கும் ஸ்பேனர், மெம்பரேன் ஹவுசிங் ஸ்பேனர், டெஃப்லான் டேப், கூர்மையான பிளேடு, மில்லிலிட்டர் குறியிட்ட அளவுக் குவளை, பக்கெட், பழைய துணி. ஸ்பேனர் இரண்டும் சில சமயம் மெஷின் பெட்டியிலேயே வந்திருக்கும். பரணில் தேடிப் பாருங்கள்.

வெளிக் கேண்டில் மாற்றுவது

இதுதான் அடிக்கடி செய்ய வேண்டிய வேலை, கற்றுக்கொள்ளவும் சுலபம். கிண்ணம் உள்ளே தெரிகிற மாதிரி இருந்தால் தினமும் போகிற போக்கில் ஒரு பார்வை போதும். கேண்டிலின் நிறமே உங்கள் தண்ணீரின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். மெட்ரோ தண்ணி என்றால் மெல்ல மெல்லத் தேநீர் நிறத்துக்கு வரும். இரும்புச் சத்துள்ள போர் தண்ணி என்றால் செங்கல் நிறம். லாரித் தண்ணி நாலு தடவை இறக்கினால் களிமண் பூச்சு தெரியும். தெருவில் பைப் லைன் வேலை நடந்தால் ஒரே வாரத்தில் கறுத்துவிடும், அப்போது மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது.

பிளக்கைப் பிடுங்குங்கள். குழாய் வால்வை மூடுங்கள். மெஷினின் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினாலும் கிண்ணத்துக்குள் கொஞ்சம் அழுத்தம் நிற்கும். தலைப்பகுதியில் சிவப்புப் பொத்தான் இருந்தால் அழுத்தி விடுங்கள். கீழே பக்கெட்டை வைத்துவிட்டு ஸ்பேனரால் கிண்ணத்தை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றுங்கள். பழைய கேண்டிலை எடுத்ததும் கிண்ணத்தின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு படலம் ஒட்டும். அது கிருமிப் படலம். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் புதிய ஸ்கிரப்பரும் போட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள்.

கிண்ணத்தின் விளிம்பில் கறுப்பு ஓ-ரிங் ஒன்று பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பள்ளத்தில் திரும்ப ஒழுங்காக வையுங்கள். புதிய கேண்டிலை (10 அங்குலம், 5 மைக்ரான் கேட்டு வாங்குங்கள்) நடுவில் நேராக நிறுத்தி, கிண்ணத்தைக் கையால் இறுக்கி, கடைசியில் ஸ்பேனரால் ஒரு கால் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் விரியும். இங்கே டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். தண்ணீரை நிறுத்துவது ஓ-ரிங்தான். அப்படியும் ஒழுகினால் நூற்றுக்குத் தொண்ணூறு ஓ-ரிங் முறுக்கிக்கொண்டிருக்கும், கழற்றித் திரும்ப வையுங்கள்.

செடிமென்ட், கார்பன், ஆன்டிஸ்கேலன்ட்

மெட்ரோ தண்ணீரில் குளோரின் கலந்து வருகிறது. நமக்கு அது பாதுகாப்பு, மெம்பரேனுக்கு எமன். மெம்பரேனின் மெல்லிய பாலியமைடு பூச்சைக் குளோரின் அரித்துவிடும். அந்தக் குளோரினை உறிஞ்சி நிறுத்துவதுதான் கார்பனின் முதல் வேலை. ஆகவே மெட்ரோ தண்ணி வீட்டில் உப்பு குறைவுதானே என்று கார்பனைத் தள்ளிப்போடக் கூடாது. போர் தண்ணி வீட்டில் எதிரி வேறு: கடினத்தன்மை. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு உப்பு மெம்பரேன் மேலும் படியும். அந்த வீட்டுக்கு ஆன்டிஸ்கேலன்ட் அவசியம், கார்பனும் செடிமென்ட்டும் வழக்கமான இடைவெளியில் போதும்.

பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் மோசமென்றால் சுருக்குங்கள். இந்த உருளைகளின் மேல் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகும் திசை அது. குழாயைக் கழற்ற, கனெக்டரின் வாயில் இருக்கும் வளையத்தை உள்நோக்கி அழுத்திக்கொண்டே குழாயை வெளியே இழுங்கள். நீலக் கிளிப் இருந்தால் முதலில் அதை எடுங்கள். வளையத்தை அழுத்தாமல் வலுக்கட்டாயமாக இழுத்தால் கனெக்டர் பல் போய்விடும், அப்புறம் ஒழுகிக்கொண்டே இருக்கும். குழாய் முனை கீறியிருந்தால் பிளேடால் நேராக ஒரு வெட்டு வெட்டிவிட்டுச் சொருகுங்கள். சாய்வாக வெட்டினால் அதுவும் ஒழுகும்.

புதிய கார்பனை மாட்டியதும் அடுத்த இணைப்பைக் கொடுக்காமல், தண்ணீரை ஒரு பக்கெட்டில் விடுங்கள். முதலில் கரி கரியாக வரும். தெளிந்த பிறகு இணையுங்கள். இந்த ஐந்து நிமிஷ வேலையை நிறைய மெக்கானிக்குகள் செய்வதில்லை. அந்தக் கரித்தூள் நேராக மெம்பரேனில் போய் அடைகிறது.

"மெம்பரேன் போச்சு சார்": உண்மையா என்று பார்ப்பது

மெம்பரேன் என்பது ஒரு குழலைச் சுற்றிப் பாய்போல் சுருட்டி வைத்த மெல்லிய தாள்கள். அது கெட்டதா இல்லையா என்பதை மூன்று அளவில் நீங்களே சொல்லிவிடலாம்.

முதல் அளவு, உப்பு நீக்கம். உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸையும், மெம்பரேனிலிருந்து வரும் நல்ல தண்ணீரின் டி.டி.எஸ்.ஸையும் எடுங்கள். இரண்டாவதை டேங்கின் குழாயில் பிடிக்காதீர்கள். கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலரோ மினரல் உருளையோ இருந்தால் அந்த எண் ஏறிக் காட்டும். மெம்பரேன் ஹவுசிங்கிலிருந்து நேராக வரும் குழாயைக் கழற்றிப் பிடியுங்கள். மெஷின் பத்து நிமிஷமாவது ஓடியிருக்க வேண்டும். உள்ளே 1200, வெளியே 90 என்றால் 1110 நின்றுவிட்டது, அதாவது 92 சதவீதத்துக்கு மேல். மெம்பரேன் ஜோராக இருக்கிறது. அதே 1200-க்கு வெளியே 260 வந்தால் 78 சதவீதம்தான். 80-க்குக் கீழே இறங்கி, அடுத்த மாதமும் அப்படியே காட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இரண்டாவது, நல்ல தண்ணீரின் வேகம். ஒரு நிமிஷம் அளவுக் குவளையில் பிடியுங்கள். 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) மெம்பரேன் என்றால் முழுத் திறனில் நிமிஷத்துக்கு 200 மில்லி அளவில் வரும். உப்பு கூடினால் குறையும், குளிர்காலத்திலும் குறையும். ஆகவே புது மெம்பரேன் போட்ட அன்று எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். அதில் பாதிக்கு வந்துவிட்டால் எங்கோ அடைப்பு.

மூன்றாவது, கழிவின் வேகம். நல்ல தண்ணீர் ஒரு பங்கு, கழிவு இரண்டு மூன்று பங்கு என்பது பழைய மாடல்களில் வழக்கம். கழிவு சொட்டுச் சொட்டாக வந்தால் எஃப்.ஆர். அடைத்திருக்கிறது. தண்ணீர் மிச்சமாகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். உப்பு வெளியேற வழியில்லாமல் மெம்பரேன் மேலேயே உட்கார்ந்துவிடும். கழிவைக் குறைக்கிறேன் என்று சிலர் எஃப்.ஆர்.ஐ மாற்றி நெருக்கி விடுவதும் இதே கதைதான். போர் தண்ணீரில் அதைச் செய்யவே கூடாது.

நல்ல தண்ணீர் குறைவு, ஆனால் டி.டி.எஸ். சரி என்றால் முதலில் கேண்டிலையும் செடிமென்ட்டையும் சந்தேகப்படுங்கள், மெம்பரேனை அப்புறம்.

மெம்பரேன் மாற்றும் முறை

பிளக், வால்வு இரண்டையும் மூடிவிட்டு, ஹவுசிங்கின் மூடிப்பக்கக் குழாயைக் கழற்றி, ஸ்பேனரால் மூடியைத் திறங்கள். பழைய மெம்பரேனின் நடுக்குழலைப் பிளையரால் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே இழுங்கள். வர மறுக்கும், விடாமல் இழுங்கள். வெளியே வந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை மணல் மாதிரி சொரசொரப்பு என்றால் சுண்ணாம்பு, செம்பழுப்பு என்றால் இரும்பு, கறுப்பு என்றால் கார்பன் தூள், கொழகொழப்பு என்றால் கிருமிப் படலம். அடுத்த மெம்பரேனைக் காப்பாற்ற எதைக் கவனிக்க வேண்டும் என்பது அங்கேயே எழுதியிருக்கிறது.

ஹவுசிங்கின் உள்ளே கழுவுங்கள். புதியதை உறையிலிருந்து எடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். மெம்பரேனின் ஒரு முனையில் சின்னதாக இரண்டு ஓ-ரிங் இருக்கும், அது உள்ளே போகும் பக்கம். அகலமான ரப்பர் வளையம் உள்ள மறுமுனை மூடிப்பக்கம். ஓ-ரிங்கைத் தண்ணீரில் நனைத்துச் சொருகினால் போதும். தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். "டக்" என்று உட்காரும் வரை அழுத்துங்கள். சரியாக உட்காராவிட்டால் கழிவும் நல்ல தண்ணீரும் கலந்து, புது மெம்பரேனே உப்புத் தண்ணீர் கொடுக்கும்.

கூடவே எஃப்.ஆர்.ஐயும் புதிதாகப் போடுங்கள், மெம்பரேனின் ஜி.பி.டி.க்குப் பொருத்தமானதாக. முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் கீழே விட்டுவிடுங்கள். பதப்படுத்தும் ரசாயனம் அதோடு போய்விடும். பிறகு மூன்று அளவுகளையும் எடுத்து நோட்டில் எழுதுங்கள். இனி இதுதான் உங்கள் அளவுகோல்.

டேங்க், யு.வி., டி.டி.எஸ். கன்ட்ரோலர்

ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இல்லை. அதனால் டேங்கில் நாள்கணக்கில் நின்றால் கிருமி வளரத் தடையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டேங்கைக் காலி செய்து, மூடியைத் திறந்து, புதிய துணியால் உட்சுவரையும் மிதவையையும் துடையுங்கள். பிறகு 5 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்து டேங்கில் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, குழாய் வழியாகவே வெளியேற்றுங்கள். குழாய் வாயும் சுத்தமாகும். வாசனை போகும் வரை அலசுங்கள். வாசனை சேர்த்த துணி பிளீச் வேண்டாம். இந்தக் கரைசல் எக்காரணம் கொண்டும் மெம்பரேன் பக்கம் போகக் கூடாது; டேங்க் நிரம்பும் குழாயைத் தாண்டி எதையும் ஊற்றாதீர்கள்.

யு.வி. விளக்கு நீலமாக எரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. ஓடிய மணி நேரம் கூடக் கூட வீரியம் குறையும். வருஷம் ஒரு முறை மாற்றுங்கள், எரியும்போது நேராகப் பார்க்காதீர்கள்.

டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பது மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை நல்ல தண்ணீரோடு கலக்கும் ஒரு திருகு. மெட்ரோ தண்ணி என்றால் பரவாயில்லை. வடசென்னைப் போர் தண்ணியைச் சுவைக்காக இப்படிக் கலந்து குடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பக்கத்திலேயே தொழிற்சாலைகளை வைத்துக்கொண்டு, மெம்பரேன் பிடிக்க வேண்டியதைச் சுற்றுவழியில் விடுவானேன்? திருகை மூடிவிட்டு மினரல் உருளை போட்டுக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

மெஷினை அணைத்த பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா? எஸ்.வி. மூடவில்லை. உள்ளே துரும்பு சிக்கியிருக்கலாம், இல்லை வால்வே போயிருக்கலாம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், உடனே மாற்றுங்கள். டேங்க் நிரம்பியும் மெஷின் நிற்காவிட்டால் மிதவை சுவிட்ச். பம்ப் பெரிதாகச் சத்தம் போட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால் முன்னால் அடைப்பு, அல்லது மாடி டேங்க் காலி. மெஷினில் உயிரே இல்லை என்றால் 24 வோல்ட் அடாப்டரைப் பாருங்கள்; கரண்ட் ஏறி இறங்கும் தெருக்களில் முதலில் போவது அதுதான்.

தண்ணீரில் வாடை என்றால் போஸ்ட் கார்பன், டேங்க். உப்புக் கரித்தால் மெம்பரேன், அதைத்தான் மேலே அளந்துவிட்டோமே.

கழிவுத் தண்ணீர்

ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு கழிவு என்றால், 1500 டி.டி.எஸ். போர் தண்ணீரின் கழிவு 2000-க்குப் பக்கத்தில் இருக்கும். தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம், பாத்திரத்தை முதல் அலசு அலசலாம். துளசித் தொட்டிக்கு ஊற்ற வேண்டாம், சில மாதத்தில் இலை நுனி கருகும். மெட்ரோ தண்ணீரின் கழிவு என்றால் மீட்டரில் பார்த்துவிட்டுத் தாராளமாகச் செடிக்கு விடலாம். கழிவுக் குழாயை மட்டும் திரும்ப சம்ப்பில் விடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மழைக்காலத்தில்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை வீட்டுச் சம்ப்பில் சாக்கடை புகுந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சம்ப்புக்குள் வெளித்தண்ணீர் போய்விட்டால் மெஷினை ஓட்டாதீர்கள். சம்ப்பையும் மாடி டேங்கையும் இறைத்துக் கழுவி, புதிய தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு நாள் விடுங்கள். அதன் பிறகு கேண்டில், செடிமென்ட், கார்பன் மூன்றையும் மாற்றிவிட்டே மெஷினைத் தொடங்குங்கள். எண்ணெய் வாடை வந்தால் அந்தத் தண்ணீரை ஆர்.ஓ.வுக்குக் கொடுக்கவே வேண்டாம், கேன் தண்ணீரில் சமாளியுங்கள். மெம்பரேனில் எண்ணெய் ஏறினால் கழுவி மீட்க முடியாது.

சர்வீஸ் ஆள் வரும்போதும், ஊருக்குப் போகும்போதும்

ஏ.எம்.சி. எனப்படும் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் நோட்டை எடுத்து வையுங்கள். "அண்ணே, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ டி.டி.எஸ். பாத்துடலாம்" என்று சொன்னாலே பேச்சின் தொனி மாறும். பழைய உருளைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியதன் மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். ஒப்பந்தத்தில் மெம்பரேனும் பம்பும் அடங்குமா, ஃபில்டர் மட்டும்தானா என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.

பத்து நாளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் டேங்கைக் காலி செய்து, வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். மெம்பரேனை வெளியே எடுத்து வைக்காதீர்கள், காய்ந்தால் கெட்டுவிடும். திரும்பி வந்ததும் முதல் டேங்க் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொண்டு, இரண்டாவது டேங்கிலிருந்து குடியுங்கள்.